ஃபுல் காட்டும் பேட்டரிகளும் நானும்

கல்யாண போட்டோ எடுக்கிறவர்களுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பேட்டரி நம்பிக்கை இருந்தே ஆகவேண்டும்.

நான் கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பதினாறு வருஷமாக டெல்டா முழுக்கக் கேமராவும் கையுமாகச் சுற்றுகிறவள். தூக்கி எறிகிற செல் நல்லதா, சார்ஜ் ஏற்றுகிற செல் நல்லதா என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன், சார்ஜ் செல்தான் என்பேன். ஃப்ளாஷில் போட்டால் ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த அடிக்குச் சட்டென்று தயாராகும். கல்யாணம் முடியும்வரை சோராது. ஆனாலும் அது என்னைப் படுத்தியிருக்கிறது. உங்களையும் படுத்தியிருக்கும். செல்போன் வைத்திருக்கிற எல்லாருமே இந்த விஷயத்தில் நம் கட்சிதானே.

நாலில் ஒன்று

நன்னிலம் பக்கத்தில் ஒரு வீட்டுக் கல்யாணம். வாசலை அடைத்துப் பந்தல், காலை ஏழரைக்கு முகூர்த்தம். வீடியோ கிடையாது, நான் ஒருத்திதான். ஃப்ளாஷுக்கு நாலு பென்சில் செல் வேண்டும். மூன்று, முதல் நாள் சார்ஜ் ஏற்றியவை. நாலாவது, பையின் மூலையில் எப்போதோ கிடந்தது. அவசரத்தில் கவனிக்காமல் சேர்த்துப் போட்டுவிட்டேன். நாலில் ஒன்று படுத்தால் மற்ற மூன்றும் இருந்தும் உதவாது. இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். பட்டனை அழுத்தினேன். ஃப்ளாஷ் அடிக்கவில்லை. தயார் என்று காட்டுகிற சிவப்பு விளக்கு எரியவே இல்லை. செல்லை மாற்ற நேரமில்லை. பந்தலின் கிழக்குப் பக்கத்தைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். "அந்தத் துணியைத் தூக்குங்க! தூக்கிப் பிடிங்க!" என்று கத்தினேன். கெட்டிமேளத்தையும் மீறி அது பெண்ணின் சித்தப்பா காதில் விழுந்தது. ஏன் எதற்கு என்று கேட்காமல் அவர் இரண்டு கையாலும் துணியைத் தலைக்கு மேல் தூக்கினார். காலை வெயில் சாய்வாக உள்ளே வந்து பெண்ணின் முகத்தில் விழுந்தது. முடிச்சுக்கு ஒன்றாக மூன்று படம் எடுத்தேன்.

அடுத்த நிமிஷமே செல்லை மாற்றி, மிச்சக் கல்யாணத்தை ஃப்ளாஷிலேயே எடுத்து முடித்தேன். ஆல்பத்தைக் கொடுக்கப் போனபோது, ஃப்ளாஷ் இல்லாத அந்த மூன்று படத்துக்கும் ஒரு சமாதானம் தயாராக வைத்திருந்தேன். பெண்ணின் அப்பா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "மத்த படத்துலயெல்லாம் எல்லாரும் பவுடர் அப்பின மாதிரி இருக்காங்கம்மா. தாலி கட்டுற படத்துல மட்டும்தான் என் பொண்ணு என் பொண்ணா இருக்கா."

தயிருக்குப் பக்கத்தில்

எங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அறுவடை முடிந்த வயல்களில் வந்து இறங்கும் பறவைகளைப் படம் எடுப்பது அவர் பொழுதுபோக்கு. ஒருநாள் காலை கேமராவைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடிவந்தார். பேட்டரி போட்டால் கேமரா உயிரே பெறவில்லையாம். திறந்து பார்த்தேன். பேட்டரி முழுக்க முத்து முத்தாக நீர்.

குளிரில் வைத்தால் சார்ஜ் இறங்காது என்று எங்கேயோ படித்துவிட்டு, பேட்டரியை ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சில்லென்று எடுத்து அப்படியே கேமராவுக்குள் போட்டிருக்கிறார். நம் ஊர்ப் புழுக்கத்தில் சோடா பாட்டில் வியர்க்குமே, அதுபோல அது வியர்த்துவிட்டது. துடைத்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் காயவைத்துப் போட்டதும் கேமரா கண் விழித்தது. "சார், வீட்டுக்குள்ள நிழலா ஒரு இடத்துல வைங்க, போதும். ரொம்ப நாள் எடுக்கலேன்னா பாதி சார்ஜோட வைங்க" என்றேன். பின்னாலேயே தேடிக்கொண்டு வந்த அவர் மனைவி வாசலில் நின்றபடியே சொன்னார்: "என்னோட இன்சுலினை ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னா நாலு தடவை சொல்லணும். இதை மட்டும் சொல்லாமயே வச்சிருக்காரு பாருங்க."

கரன்ட் போன நிக்காஹ்

கூத்தாநல்லூரில் நிக்காஹ் என்றால் பெண்கள் பக்கம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்று சாயங்காலம் பெண்ணை அலங்கரித்து உட்காரவைத்த நேரம் பார்த்துக் கரன்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. பெண்ணின் அப்பா சிங்கப்பூரில் வேலையிலிருந்து வர முடியாமல், போனில் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டில் மகள் முகம் மறைந்ததும் போனில் அவர், "என்னாச்சு, என்னாச்சு" என்று பதறுவது எல்லாருக்கும் கேட்டது.

என்னிடம் பேட்டரியில் எரிகிற எல்இடி விளக்கு இரண்டு இருந்தன. அவற்றுக்கு வைத்திருந்த நாலு பேட்டரியும் முழுச் சார்ஜ். ஏற்றி முடித்ததும் ஒவ்வொன்றையும் விளக்கில் போட்டு எரியவைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் பையில் வைப்பேன். "ரெண்டு மணி நேரம் எரியும், தைரியமா நடத்துங்க" என்றேன். பெண்ணுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி எரியவிட்டதும் கூடம் பகல் மாதிரி ஆனது. போனில் அப்பா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தையும் ஒரு படம் எடுத்துவைத்தேன்.

அதற்குள் ஆண்கள் பக்கமிருந்து ஆள் வந்துவிட்டது. அங்கே கும்மிருட்டாம், ஒரு விளக்கு கிடைக்குமா என்று கேட்டார்கள். நான் பெண்ணின் மாமியைப் பார்த்தேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: "ஒண்ணு குடுக்கலாம் மேடம். ஆனா மாப்பிள்ளையே வந்து கேக்கச் சொல்லுங்க, எங்க புள்ளையும் ஒரு பார்வை பாத்துக்கட்டும்."

இடுப்பளவு தண்ணீரில்

கதிர் வந்த சம்பாவை மழை மூழ்கடித்த வருஷம் அது. ராஜேஸ்வரி அக்கா குத்தகை நிலத்தில் தனியாகச் சாகுபடி செய்கிறவர். ஊரில் இரண்டு நாளாகக் கரன்ட் இல்லை, அவர் போனும் செத்துக் கிடந்தது. தண்ணீர் வடிவதற்குள் படம் எடுத்து நிவாரண மனுவோடு வைக்கவேண்டும் என்று சொந்தக்காரர் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பினார். நானும் போனேன். அவசரத்துக்கு வாங்கியிருந்த மலிவு பேட்டரி ஒன்றுதான் கேமராவில். திரையில் நாலு கட்டமும் நிறைந்து ஃபுல் காட்டியது. பத்தாவது படத்தில் கேமரா அணைந்து ஒரே இருட்டு. நடுவில் மூன்று கட்டம், இரண்டு கட்டம் என்ற பேச்சே இல்லை.

அக்கா இடுப்பளவு தண்ணீரில், முளைவிட்ட கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முக்கியமான படம் இனிமேல்தான். பேட்டரியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் சுற்றிக் கைக்குள் பொத்திச் சூடேற்றினேன். குளிர்ந்து கிடக்கிற பேட்டரிக்கு இது கொஞ்சம் மூச்சுக் கொடுக்கும். பின்திரையை அணைத்துவிட்டுக் கண்ணாடித் துளையில் மட்டும் பார்த்து எடுத்தேன். "அக்கா, அசையாதீங்க, எப்ப வேணா நின்னுடும்" என்று ஒவ்வொரு படத்துக்கும் சொன்னேன். ஆறு படம் கிடைத்தது, ஆறும் தெளிவாக. அந்தப் பேட்டரியை அதற்கப்புறம் நான் தொடவில்லை.

மனு ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு சிரித்தார்: "அதிகாரி இந்த மூஞ்சியப் பாத்துட்டு, பயிருக்காக எவ்ளோ கலங்கி நிக்கிறீங்கன்னாரு. பாதி கலக்கம் உன் கேமராவுக்குன்னு நான் சொல்லல."

சொல்லாத பாதி

இது சிரிக்கிற விஷயமில்லை. முருகவேல் நாகப்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகிறவர். அவர் மகளின் காதுகுத்துக்குப் படம் எடுக்க நான் போனபோது, படகில் வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவிக்கு எந்த செல் நல்லது என்று கேட்டார். எனக்குத்தான் பேட்டரி என்றால் வாய் நிற்காதே. "சார்ஜ் செல் வாங்குங்க தம்பி, கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்" என்றேன். அவர் இரண்டு ஜோடி வாங்கினார். ஒரு ஜோடியைக் கருவியில் போட்டார். மற்றதை முழுச் சார்ஜ் ஏற்றிப் படகுப் பெட்டியில் பத்திரமாக வைத்தார்.

சில மாதம் கழித்து ஒருநாள், திரும்பி வருகிற நேரத்தில் மழை மூட்டம் கடலை மூடிவிட்டது. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கருவி அணைந்தது. பெட்டியில் இருந்த ஜோடியைப் போட்டிருக்கிறார், அதிலும் உயிரில்லை. அந்த ரக செல்லுக்குச் சும்மா கிடந்தாலும் சார்ஜ் தானாக வடிந்துபோகும். எனக்குத் தெரியும். அவருக்கு நான் சொல்லவில்லை. படகில் நாலு பேர். நங்கூரம் போட்டுவிட்டு, பக்கத்தில் வேறு படகின் இன்ஜின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். கடைசியில் ஒரு படகின் சத்தம் கேட்டு, அதன் பின்னாலேயே கரை சேர்ந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்ல அவர் பஸ் ஏறி என் ஸ்டூடியோவுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததை மெதுவாகச் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. விட்டுப்போனதை எல்லாம் அன்றைக்கே ஒவ்வொன்றாகச் சொன்னேன்: சார்ஜ் வடியாத ரகமாகப் பார்த்து வாங்கவேண்டும், கடலுக்குப் போவதற்கு முதல் நாள் ஏற்றவேண்டும், ஆபத்துக்கென்று பிரிக்காத சாதா செல் ஒரு பாக்கெட் பெட்டியில் இருக்கவேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எழுந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க அன்னிக்குச் சொன்னது பொய்யில்லக்கா, பாதிதான் சொன்னீங்க. கரையில பாதி போதும், கடல்ல போதாது."

இத்தனைக்கும் பிறகும் என் பை நிறைய சார்ஜ் பேட்டரிதான் இருக்கிறது. முதுகு ஒடிய உழைக்கிற வேலையாள் அது, லீவு எடுக்கப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்கிற நல்ல பழக்கம் மட்டும்தான் கிடையாது.