தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்

செலியமேட்டில், என் நிலத்து மோட்டார் கொட்டகையில் நான் நன்றாகப் பேசுவேன். கேட்க ஆள் இருக்காது. எதிரில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் போச்சு. சொல்ல வேண்டியதை முழுதாகத் தலைக்குள் கட்டி முடித்த பிறகுதான் என் வாய் திறக்கும். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றதுதான் காரணம் என்று வெகுநாள் நினைத்தேன். மூலக்குளத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பியும் ஐந்தாவதுதான். அவனுக்கு வாய் முதலில் திறக்கும், யோசனை பின்னால் ஓடிவரும். பிறவிக் குணம், வேறென்ன.

மகளுக்கு ஒதியம்பட்டில் மாப்பிள்ளை அமைந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவர்கள் தையில் கல்யாணம் என்றார்கள். அவளுக்கு நர்சிங் கடைசிப் பரிட்சை சித்திரையில். நிச்சயத்துக்கு முதல் நாள் என்னிடம் வந்தாள்.

"பா, ஆவணியில வச்சிக்கலாம்னு நீயே சொல்லிடு. மாமாவ வுட்டா சிரிச்சி பேசியே தையில முடிச்சிடும்."

"சொல்றேன்."

"சொல்லுவியா, தலைய ஆட்டுவியா?"

தலையை ஆட்டினேன்.

அன்று பூராவும் வரப்பில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருடம் படித்துவிட்டுப் பரிட்சை எழுதாமல் போனால் வீண். வேலை கிடைத்தால் உங்கள் வீட்டுக்குத்தானே பெருமை. யாரும் மறுக்க முடியாதபடி வந்தது.

நிச்சயத்தன்று மச்சான் பேச்சைப் பிடித்துக்கொண்டான். பந்தல், மண்டபம், சமையல் என்று ஓடியது. நான் "சம்பந்தி" என்று தொடங்கும்போதெல்லாம் யாராவது சிரித்தார்கள், அல்லது காபி வந்தது.

"மாமாவுக்கு எல்லாம் சம்மதந்தான். மூஞ்சியப் பாத்தா தெரியல?" என்று மச்சான் என்னைக் காட்டினான்.

ஐயர் தையில் ஒரு நாளைச் சொல்லித் தட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார். சம்பந்தியின் தாம்பாளம் என் மனைவி கைக்கு வந்துவிட்டது. என்னுடையதை அவர் பிடித்தார். நான் விடவில்லை. அவர் இழுத்தார். தேங்காய் உருண்டு விழுந்தது.

"இன்னா மாமா, வுடு" என்றான் மச்சான்.

அத்தனை வாக்கியம் கட்டி வைத்திருந்தேன். வெளியே வந்தது ஒன்றுதான்: "பரிட்சை முடியட்டும்."

சம்பந்தி முகம் கறுத்தது. "பொண்ணு குடுக்க மனசில்லயா?" என்றாள் அவர் தங்கை. நான் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மச்சான் அப்போதுதான் என் மகளின் முகத்தைப் பார்த்தான். சட்டென்று பேச்சைத் திருப்பினான்.

"அது இல்ல சம்மந்தி. இவ்ளோ வருஷம் படிச்சிட்டு பரிட்ச எழுதாம வந்தா வீணாத்தான போவும்? நாளிக்கு நர்சம்மாவா வந்தா உங்க வூட்டுக்குத்தான பேரு?"

வரப்பில் நான் தனியாகச் சொல்லிப் பார்த்த, அவன் கேட்டேயிராத அதே வார்த்தைகள். சம்பந்தி சிரித்துவிட்டார். ஐயர் ஆவணியில் நாள் பார்த்தார். தட்டை விட்டேன்.

சாப்பிடும்போது சம்பந்தி அவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நீ இல்லன்னா கெட்டிருக்கும்பா. உங்க மாமாவுக்கு இன்னா இவ்ளோ கோவம்?"

மகள் பரிட்சை எழுதிவிட்டாள், கல்யாணமும் ஆனது. சம்பந்தி இன்றும் எதுவானாலும் மச்சானுக்குத்தான் போன் செய்கிறார். நான் கோபக்காரனாம். அதற்கான பதில் மோட்டார் கொட்டகையில் எப்போதோ தயார்.