கம்பைநல்லூர் பேருந்தில் மார்த்தா

கம்பைநல்லூரில் பேருந்து நிரம்பி வழிகிறது. ஆனாலும் எங்கள் மூன்று பேர் சீட்டில் ஓர் இடம் காலியாகவே கிடக்கிறது. என் பக்கத்தில் இருப்பவர் மார்த்தா. ஜாம்பியாவில் நான் நர்ஸாக இருக்கும் மிஷன் மருத்துவமனையில் என்னோடு வேலை பார்க்கும் அந்நாட்டுப் பெண். விடுமுறைக்கு என் ஊரைப் பார்க்க வந்திருக்கிறார்.

கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு பெண்ணிடம், "உக்காருங்க" என்கிறேன்.

"வேணாங்க. அவங்களப் பார்த்தா பயமா இருக்குதுங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வருகிறது.

"ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போக நானுந்தாங்க பயந்தேன். ஏர்போர்ட்டுல அழுதேன். அங்க எறங்குனதும் இவங்கதான் என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, பயம் தெளியிற வரைக்கும் தன் வூட்டுலயே வெச்சுக்கிட்டாங்க. நீங்க பக்கத்துல உக்காரக்கூட மாட்டீங்களா?"

அவள் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொள்கிறாள்.

தமிழ் புரியாத மார்த்தா சட்டென்று எழுகிறார். "குழந்தையோடு நிற்கிறாளே, பாவம்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தன் இடத்தை அவளுக்குக் காட்டுகிறார். அவர் நகர்ந்ததும் அந்தப் பெண் உட்கார்ந்துவிடுகிறாள், மார்த்தாவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவள் பக்கத்தில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. எழுந்துபோய், அரூர் வரைக்கும் மார்த்தாவோடு நின்றே வருகிறேன்.