வகுப்புக்கு வெளியே ஒரு பெஞ்சு

ஊசிமுனை ஓட்டையைக்கூட டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் கண்டுபிடித்துவிடுவார் பஞ்சர்க் கடைக்காரர். தெருவில் அவருக்கு 'வாயாடி' என்றுதான் பெயர். டயரைக் கழற்றி மாட்டுவதற்குள் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் பல் டாக்டர் முன்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்று வயது மகள். வலியில் இரண்டு நாளாக எதுவும் சாப்பிடவில்லை. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்து, ஈறுவரை கரைந்திருந்தன.

"ராத்திரி பாட்டில் குடுத்துத் தூங்க வைப்பீங்களா?" என்று கேட்டார் டாக்டர் அம்மா.

"ஆமாங்க. சர்க்கரை போட்ட பால். இல்லன்னா அழுவா."

"பாட்டிலை வாயில வச்சுக்கிட்டே தூங்கினா அந்தச் சர்க்கரை ராத்திரி முழுக்கப் பல்லை அரிச்சிடும். முதல்ல ஈறு ஓரமா வெள்ளைக் கோடு தெரிஞ்சிருக்குமே. கர்ப்பமா இருக்கும்போதே கிளினிக்ல இதெல்லாம் சொல்லித் தருவாங்களே, இவ அம்மாவுக்குச் சொல்லலையா?"

"அவளுக்குச் சொன்னாங்க," என்றார். "அவதான் இல்லையே."

மகள் பிறந்த நாற்பதாவது நாள் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, கடையில் டயர்களுக்கு நடுவே தொட்டில் கட்டுவது எல்லாம் இவரேதான். ஒற்றை ஆளாக அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்த யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். அவரேதான் தன்னைக் குறை சொல்லிக்கொண்டார். அந்த வெள்ளைக் கோட்டை அவர் பார்த்திருந்தார். பால் கறை என்று நினைத்து விட்டுவிட்டார்.

கர்ப்பிணிகள் வகுப்புக்கு மாதா மாதம் பைக்கில் மனைவியைக் கூட்டிப்போனவரும் அவர்தான். ஆனால் உள்ளே ஆண்களுக்கு அனுமதி கிடையாது. பிள்ளை என்னவோ பெண்களுக்கு மட்டும் பிறப்பது போல ஒரு சட்டம்! வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார். ஒருநாள் திரும்பும் வழியில் அவள், "பால் குடிச்சதும் குழந்தையோட ஈறை ஈரத்துணியால துடைக்கணுமாம்," என்று ஆரம்பித்தாள்.

"பல்லே முளைக்காத வாய்க்குப் பல் விளக்கணுமா? நல்லாருக்கு உங்க வகுப்பு!"

அவளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மேற்கொண்டு சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

நான்கு பற்களையும் பிடுங்கினார்கள். புதுப்பல் வர நாலு வருஷமாவது ஆகுமாம். மறுநாளே மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வகுப்பெடுத்த நர்ஸைத் தேடிப் போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போனார்.

பெஞ்சில் அரட்டை அடித்தவரை நர்ஸுக்கு அடையாளம் தெரிந்தது. குழந்தையின் வாயைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க வீட்டம்மாவை நல்லா ஞாபகம் இருக்கு. 'அவரையும் உள்ள கூப்பிடட்டுமா சிஸ்டர், நான் சொன்னா விளையாட்டா எடுத்துக்குவாரு'ன்னு கேட்டாங்க. நான்தான் ரூல்ஸ் பேசி வேண்டாம்னுட்டேன்."

கேள்வி கேட்க வந்தவர் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"நீங்க கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன் சிஸ்டர்," என்றார். "பொம்பளைங்க சமாச்சாரம்னு பெஞ்சுலயேதான் உக்காந்திருப்பேன்."

சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதுவிட்டார். மகள் அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கும் பல்லு வலிக்குதாப்பா?"