நான்கு விரற்கடை ஜன்னல்

பாரிஸில் நாங்கள் தங்கியிருந்த விடுதி அறையின் ஜன்னல் நான்கு விரற்கடைக்கு மேல் திறக்காது. ஐந்தாவது மாடி. யாரும் தவறி விழுந்துவிடக் கூடாது என்று சட்டத்தில் ஒரு இரும்புக் கொக்கி வைத்திருந்தார்கள். அறைக்குள் நுழைந்ததும், தோளில் இருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல், அக்கா நேராக அந்த ஜன்னலிடம் போனார். கையைத் தட்டையாக வைத்து இடைவெளியில் செருகிப் பார்த்தார். "இங்க நாலு விரல்தான். வியன்னாவுல அஞ்சு இருந்துச்சு" என்றார். கடைக்காரர் துணி அளப்பதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஐரோப்பாவைக் கோடைக்குக் கோடை எட்டு முறை சுற்றி வந்தவர் ஜன்னலை அளந்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

அக்கா இலங்கையின் மலைநாட்டுக்காரர், ஹட்டன் பக்கம். துபாயில் ஒரு வசதியான வீட்டில் சமையலும் பிள்ளை பார்ப்பதுமாக ஒன்பது ஆண்டுகள் வேலை செய்திருந்தார். அதே வீட்டுக்கு நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்தேன். மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவனுக்கு மூன்று. சிவகங்கைப் பக்கத்தில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. நான் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவள் என்பதை அவர்கள் ஊரில் சொல்லிக்கொண்டார்கள். நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். வந்த முதல் நாள் அக்கா என்னைப் "புள்ள" என்று கூப்பிட்டார். "டீச்சர்னு கூப்பிடுங்கக்கா" என்றேன். சரி என்று தலையாட்டினார். ஒரு வாரம் அப்படியே கூப்பிட்டார். பிறகு தானாகவே "புள்ள" திரும்பி வந்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன். ஆனால் என் விசாவில் எழுதியிருந்தது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கும் அக்காவுக்கும் விசாவுக்குப் பொறுப்பேற்ற ஒரே கஃபீல், ஒரே வகை: வீட்டுப் பணியாளர்.

கோடை விடுமுறைக்கு வியன்னா, பிராக், பாரிஸ் என்று மூன்று ஊர்களுக்குப் போவதாக முடிவானபோது எங்கள் இருவரையும் அழைத்துப் போவதாக வீட்டுக்கார மேடம் சொன்னார். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கு விசா கேட்கும்போது, அழைத்துப் போகிறவர்கள் ஒரு ஒப்புதல் கடிதம் தர வேண்டும். முந்தைய ஆண்டு அக்காவின் விசா கடைசி நாள்வரை இழுத்தடித்ததாம். பக்கத்து வில்லாவில் வேலை செய்த பெண் ஒருத்தி லண்டனுக்குக் கூட்டிப்போன இடத்தில் கடைக்குப் போனவள் திரும்பவே இல்லை என்ற கதையும் மேடத்தின் மனதில் இருந்தது. உன் ஆங்கிலம் நன்றாக இருக்கும், நீயே எழுதிக் கொண்டுவா என்றார். அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை, எந்த அதிகாரியும் மறுக்க முடியாதபடி ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். இவர்கள் இருவரும் பயணம் முழுவதும் குடும்பத்தாருடனேயே இருப்பார்கள், எந்த நேரத்திலும் தங்குமிடத்தை விட்டுத் தனியாக வெளியே செல்ல மாட்டார்கள் என்பது அதன் பொருள். யாரும் என்னை அதை எழுதச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அது மிக அழகாக அமைந்திருந்தது. மேடம் இரண்டு முறை படித்துவிட்டு, வக்கீல் எழுதியதுபோல இருக்கிறது என்றார். நாங்களும் அதில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அக்கா கையெழுத்துப் போடும்போது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "வழக்கமா எழுதுறதுதான்க்கா" என்றேன். அவர் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்து முடித்தார். அடுத்து நான் வேகமாகக் கையெழுத்திட்டேன்.

வியன்னா எனக்கு முதலில் வாசனையாகத்தான் வந்தது. புத்தகத்தில் படித்த மாளிகைகளையும் கோபுரத்தையும் எதிர்பார்த்துப் போனவளுக்கு, மூக்கில் ஏறியது குதிரைச் சாண நாற்றம். பேராலயத்துக்குப் பக்கத்தில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. நிமிர்ந்து பார்த்தபோதுதான் கழுத்து வலிக்கும் உயரத்தில் கல் தெரிந்தது, கரி படிந்த கல், நுனிவரை செதுக்கிய கல். துபாயில் என்னைவிட வயதில் மூத்த கட்டடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே எல்லாமே பளபளப்பு, எல்லாமே கண்ணாடி. இங்கே ஒரு படிக்கட்டின் நடுவில் குழி விழுந்திருந்தது. எத்தனை கால்கள் ஏறியிருந்தால் கல் தேயும் என்று நின்று யோசிக்க ஆசைப்பட்டேன். "யல்லா மிஸ்", போகலாம் வாங்க என்று இளையவன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். மூத்தவளுக்குப் பள்ளியில் விடுமுறைத் திட்டப்பணி இருந்ததால் நான் வழிகாட்டி நூலை விரித்துச் சத்தமாகப் படிப்பேன். யாரோ இரண்டு முதியவர்கள் நின்று கேட்டுவிட்டு எனக்கு நன்றி சொல்லிப் போனார்கள். அந்த நன்றியை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நடந்தேன். ஆனால் பேராலயத்துக்குள் ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை. உள்ளே இளையவனின் தள்ளுவண்டி கிறீச்சிட்டு அழுதது, அதில் இருந்தவனும் அழுதான்.

அன்று மாலை மேடத்திடம் ஒரு மணி நேரம் கேட்டேன். தனியாகப் போய் அந்த ஆலயத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அந்தக் கடிதத்தை எழுதியதே நீதானே, தூதரகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோமே என்றார். எங்கள் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் ஒரே ரப்பர் வளையத்தில் அவர் கைப்பையில் இருந்தன. அறைக்குத் திரும்பி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் பால்புட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"பூட்ட செஞ்சவளே உள்ள மாட்டிக்கிட்டாளா?" என்றார். சற்றுப் பொறுத்து, "என்னையும் சேத்துல்ல பூட்டியிருக்க புள்ள" என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிராக்கில் கல் பாவிய தெருக்கள். அக்கா ஊர்களைத் தள்ளுவண்டிச் சக்கரத்தால் தரம் பிரித்து வைத்திருந்தார். வியன்னா நல்ல ஊர், எங்கு பார்த்தாலும் லிஃப்ட் உண்டு. பாரிஸ் மோசம் என்று கேள்விப்பட்டிருந்தார், பாதாள ரயிலுக்கு இறங்க இறங்கப் படிதானாம். பிராக் படுமோசம், "வண்டியோட நம்ம பல்லும் ஆடும்." அந்த ஊரின் பழைய மணிக்கூண்டைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. மணி அடிக்கும்போது சிறு கதவுகள் திறந்து பொம்மைகள் வரிசையாக வந்து போகும் என்று முந்தைய நாளே மூத்தவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். கூட்டம் முழுக்க அண்ணாந்து போனைத் தூக்கிப் பிடித்து நின்ற சரியான நேரத்தில் இளையவனுக்குச் சிறுநீர் முட்டியது. அந்த மணியைக் கட்டணக் கழிப்பறை வரிசையில் நின்றுதான் கேட்டேன். பொம்மைகள் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அக்கா என்னைத் தேற்றினார். எட்டு வருடத்தில் தானும் எதையும் முழுசாகப் பார்த்ததில்லை, ஓரமாகப் பார்த்ததையெல்லாம் சேர்த்தால் ஒரு கோபுரமாவது தேறும் என்றார்.

அவருக்குப் பாரிஸில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவருடைய தங்கை அங்கே ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை செய்தார். பிறந்த ஊரில் பிரிந்து பன்னிரண்டு ஆண்டுகள். தங்கைக்குக் குடியிருப்பு ஆவணங்கள் இன்னும் சரியாகவில்லை; அந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி நுழைய முடியாது. அக்காவோ ஊருக்கு லீவில் போவார், துபாய்க்கு வருவார், மேடத்தோடு ஐரோப்பாவுக்குப் போவார். ஆனால் பாரிஸுக்கு அந்தக் குடும்பம் வருவது அதுவே முதல் முறை. வியன்னாவிலிருந்தே இருவரும் தினமும் போனில் பேசித் திட்டம் போட்டார்கள். கடைசி நாள் பகல், உணவகத்தில் மதியச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும் இடைவெளியில் தங்கை ரயில் பிடித்து விடுதிக்குக் கீழே வருவார். உள்ளே வர மாட்டார். வருகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்பார்களே என்ற பயம். தெருவில் நின்றால் போதும், அக்கா இறங்கிப்போய் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வரலாம். மேடத்திடம் கேட்டால் கிடைக்காது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் மட்டும் சொன்னார். "நீ பிள்ளைங்கள பாத்துக்க புள்ள, நான் சட்டுனு போயிட்டு வந்துர்றேன்." நானும் சரி என்றேன்.

அந்தக் கடைசி நாள் மேடமும் சாரும் ஓவியக்கூடம் பார்க்கக் கிளம்பினார்கள். கதவருகே மேடம் என்னைத் தனியாக அழைத்து மெல்லிய குரலில் பேசினார். நீ படித்த பெண், உன்னை நம்பித்தான் விட்டுவிட்டுப் போகிறேன், பிள்ளைகளையும் பார்த்துக்கொள், அவளையும் பார்த்துக்கொள் என்றார். எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நொடியில் நான் மகிழ்ந்தேன். அந்த வீட்டில் முதல் முறையாக எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கோடு விழுந்திருந்தது. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

மூன்று மணிக்குப் பிள்ளைகள் இருவரும் தூங்கிப் போனார்கள். அக்கா தலையை வாரி, நான் பார்த்தே இராத ஒரு நீலச் சட்டையை மாட்டிக்கொண்டார். ஊரிலிருந்து எடுத்து வந்த தேயிலைப் பொட்டலத்தைத் துபாயிலிருந்தே தங்கைக்காகச் சுமந்து வந்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தார். போன் அடித்தது, தங்கை கீழே வந்துவிட்டார். பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் ஓடுகிறவர்கள் ஓடத்தான் செய்கிறார்கள். கீழே சொந்தத் தங்கை, பெரிய ஊர். இவர் வராமல் போனால் என்னிடம்தான் கேட்பார்கள். என் விசா, என் சம்பளம், அதை நம்பி ஊரில் எழுப்பிக்கொண்டிருந்த வீடு எல்லாம் ஒரே மூச்சில் கண்முன் ஓடின. அக்கா கதவின் கைப்பிடியில் கை வைத்தபோது கேட்டுவிட்டேன்.

"அக்கா, திரும்பி வந்துருவீங்கல்ல?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தெரிந்தவர் என்று நினைத்துக் கிட்டே வந்து, வேறு யாரோ என்று கண்டுகொண்டவர் பார்க்கும் பார்வை அது. கைப்பிடியை விட்டார். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தார். ஜன்னலுக்குப் போய், அது திறக்கும் மட்டும் திறந்து, நான்கு விரற்கடை இடைவெளியில் கையை மணிக்கட்டுவரை வெளியே நீட்டி ஆட்டினார். நானும் பின்னால் நின்று பார்த்தேன். எதிர் நடைபாதையில், நனைந்த சுண்ணாம்பு நிறக் கட்டடங்களுக்குக் கீழே, கறுப்புக் கோட்டுப் போட்ட சிறிய உருவம் ஒன்று அண்ணாந்து ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டிருந்தது. கையைக் கண்டுபிடித்ததும் அது இரண்டு கைகளையும் தூக்கியது. இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். கீழே வா என்று தங்கை சொல்லியிருக்க வேண்டும். அக்கா சொன்ன பதில் எனக்குக் கேட்டது.

"இல்லடி, பிள்ளைங்க முழிச்சிட்டாங்க. விட்டுட்டு வர ஏலாது. நீ அப்படியே நில்லு, பாக்குறேன். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு. மெலிஞ்சிட்டியேடி."

பிள்ளைகள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்ட கேள்வியைத் தங்கையிடமிருந்து அக்கா மறைத்தார். போங்கக்கா, நான் தெரியாமல் கேட்டுவிட்டேன், போய்விட்டு வாங்க என்று இரண்டு முறை சொன்னேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்.

"வேணாங்க டீச்சர். மேடம் உங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போயிருக்காங்க."

கதவருகே பேசியதை அவர் கேட்டிருக்கிறார். தேயிலையையாவது நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். பொட்டலத்தைத் தன் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். இருபத்தைந்து நிமிடங்கள் அவர்கள் அப்படி நின்றார்கள். ஒருவர் தெருவில், ஒருவர் ஐந்தாம் மாடியில். பிறகு அந்தக் கறுப்புக் கோட்டு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தெருமுனைவரை போய் மறைந்தது. அன்று இரவு எங்களை அந்தப் புகழ்பெற்ற இரும்புக் கோபுரத்துக்குக் கூட்டிப்போனார்கள். விளக்குகள் எரிந்ததும் எல்லோரும் ஆவென்று கத்தினார்கள். நானும் படம் எடுத்தேன். அந்தப் படத்தில் ஓரமாக அக்கா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கிறார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் இருந்த பதினோரு மாதமும் அவர் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார். நான் முதல் நாள் கேட்டு வாங்க நினைத்த மரியாதை முழுசாகக் கிடைத்தது. சாப்பாடு எடுத்து வைத்தார், காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார், ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. குத்திப் பேசியிருந்தால் மன்னிப்புக் கேட்க ஒரு வழி கிடைத்திருக்கும்.

இப்போது நான் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விசாவில் என் படிப்புக்கு ஏற்ற பதவி எழுதியிருக்கிறது. பாஸ்போர்ட் என் தலையணை உறைக்குள் இருக்கிறது. துபாயின் சத்வா பகுதியில், தையல்கடைகளுக்கு மேலே, நான்கு பெண்கள் பகிர்ந்துகொள்ளும் ரூம். ஐரோப்பா எப்படி இருந்தது என்று கேட்கிற தோழிகளிடம் குதிரை வண்டியையும் மணிக்கூண்டையும் கோபுரத்தையும் சொல்கிறேன். பொம்மைகளைப் பார்த்ததாகவே சொல்கிறேன். அந்தக் கடிதம் இன்னும் அந்த வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. தேதியையும் பெயரையும் மட்டும் மாற்றி மேடம் ஆண்டுதோறும் பயன்படுத்துகிறார் என்று கேள்விப்பட்டேன்.

போன வாரம் அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நல்லா இருக்கீங்களா டீச்சர் என்று தொடங்கி, மறுபடியும் பாரிஸுக்குப் போகிறோம், தங்கச்சி அதே தெருவுக்கு வருகிறேன் என்றிருக்கிறாள் என்று சொன்னார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாளாம். "நல்ல புள்ள. கேட்டதும், போயிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்குறேன்னு சொல்லிருச்சு" என்றார். அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எங்கள் ரூம் ஜன்னலில் பாதியை ஏசி அடைத்திருக்கிறது. மிச்சப் பாதி கொஞ்சம்தான் நகரும். நேற்று அலுவலகம் விட்டு வந்ததும் அதை நகர்த்தி, கையைத் தட்டையாக வைத்து அளந்து பார்த்தேன். மூன்று விரல் போயிற்று. நான்காவது போகவில்லை.