என் மனைவியின் நிறத்தில் ஒரு படம்

இருபதுக்கு முப்பது அங்குலத்தில் ஒரு படம் வேண்டுமென்றால் போட்டோ லேபில் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். செலவு குறைவு, மாலையே கையில் கிடைக்கும், வீட்டில் மை சிந்தாது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் நான் வீட்டிலேயே பிரிண்ட் போடுகிறேன்.

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் நிறம் சரிபார்ப்பது என் வேலையாக இருந்தது. கதவின் சிவப்பும் பானட்டின் சிவப்பும் ஒரே சிவப்புதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவன். ஆகவே, மொட்டைமாடியில் நான் எடுத்த என் மனைவியின் படத்தை ஸ்ரீபெரும்புதூர் லேபில் வாங்கிப் பிரித்தபோது நிறம் தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவள் நல்ல கறுப்பு. படத்தில் இருந்தவள் கோதுமை நிறம். முகத்தை வெளுத்த வேகத்தில் கடுகு நிறப் புடவையும் எலுமிச்சையாகியிருந்தது.

"எல்லாரும் கலராதான் சார் கேப்பாங்க" என்றார் லேப்காரர். ஆர்டர் சீட்டில் 'நிறத் திருத்தம் வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு மறுபடி கொடுத்தேன். மறுபடியும் வெளுப்பு.

"கொஞ்சமாதான் சார் ஏத்தினேன். மேடம் கோச்சுக்கப் போறாங்களேன்னு."

மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "வுடுங்க, கல்யாண ஆல்பத்துலயும் இவதான கீறா" என்றாள். அந்த ஆல்பத்தை அவள் திறந்து நான் பார்த்ததில்லை. பவுடரும் விளக்கும் சேர்ந்து அதில் வேறு யாரோ ஒருத்தியை எனக்குக் கட்டிவைத்திருந்தன. அவள் முகம் அவள் நிறத்தில் இந்த வீட்டின் ஒரு சுவரிலும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறம் பார்த்துச் சம்பளம் வாங்கியவனுக்கு!

மூடிவிட்ட ஒரு டிசைன் ஆபீஸிலிருந்து ரோல் பேப்பர் போடும் பெரிய பிரிண்டரை வாங்கினேன். தண்டச் செலவு. முதல் படம் பச்சையடித்தது. "பச்சையம்மனுக்குக் கூழு ஊத்துங்க" என்றாள். அடுத்தது செம்மண். தொழிற்சாலையில் மாதிரித் தகடு ஒன்று உண்டு. வண்டியை அதன் பக்கத்தில் வைத்துத்தான் தீர்ப்பு. இங்கே மாதிரித் தகடு அவள் முன்கை. மை காய ஒரு நாள் விட்டு, காலை பத்து மணிக்கு, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கையைப் படத்தோடு ஒட்டிவைத்துப் பார்ப்பேன்.

"அடுப்புல கொழம்பு கீது. கைய வுடுங்க. நான் இன்னா காரா?"

"அசையாதே."

ஐந்தாவது படத்தில் கைக்கும் தாளுக்கும் வித்தியாசம் சொல்ல என்னால் முடியவில்லை. "பாஸ்" என்றேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நெத்திச் சுருக்கத்தக்கூட வுடல."

உள் அறையில் மாட்டச் சொன்னாள். "கூடத்துல வேணாம். வர்றவங்க எதனா சொல்வாங்க."

மறுநாளே அவள் தங்கை வந்தாள். உள் அறைவரை போய்ச் சொல்லிவிட்டாள்: "இன்னாக்கா, மாமா இப்பிடி கறுப்பா போட்டு வெச்சிகிறாரு? லேபுல குடுத்திருந்தா கலரா வந்திருக்கும்."

"கறுப்பா கீறவள வேற எப்பிடிடி போடுவாங்க? நீ மட்டும் இன்னா பால்கோவாவா?"

தங்கை சிரித்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை. தங்கையை வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டு டிரில்லை எடுக்கச் சொன்னாள். கூடத்தில், டிவிக்கு மேலே, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற இடத்தை விரலால் காட்டினாள்.

"ரெண்டு ஸ்க்ரூ பத்தாது, நாலா போடுங்க. எவளும் கழட்டக் கூடாது."