காமன் பொட்டலில் கட்டிய பனிவலை

1. அரைச்சுவர் வகுப்பு

"திங்கக்கிழமையில இருந்து நான் வரமாட்டேன் டீச்சர்."

ரஞ்சனி இதைச் சொன்னபோது வகுப்பறைக்குள் பனி வந்துகொண்டிருந்தது. எங்கள் பாடசாலை எல்கடுவைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தரம் எட்டுக்கு அரைச்சுவர்தான். தை மாதக் காலைகளில் பனி யாரையும் கேட்டுக்கொண்டு உள்ளே வராது. முதலில் கரும்பலகை மங்கும். பிறகு கடைசி வரிசைப் பிள்ளைகள் மங்குவார்கள். கொஞ்ச நேரத்துக்குக் குரல்கள் மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் நான் விஞ்ஞானப் பாடத்தை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்பேன். அதிபர் அதைச் சோம்பல் என்பார். சொல்லட்டும். மாத்தளை டவுனில் பஸ் ஹோர்னுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு காலை கிடைத்தால் கொஞ்சம் நின்றுதான் பார்ப்பாள்.

ரஞ்சனியின் அம்மா கொழுந்து பறிப்பவர். தம்பிக்கு இன்னும் நடை வரவில்லை. அம்மா மலைக்குப் போகும்போது அவனை மேல் டிவிஷன் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவார். வேலைக்குப் போகும் தாய்மாரின் கைப்பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மார்கழி மழையில் மண் சரிந்து, அதற்கு வரும் பைப் லைனை அடித்துக்கொண்டு போய்விட்டது. கொஞ்ச நாள் அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாம்மா பள்ளத்திலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. புதுப் பைப்பு வரும்வரை மூடிவிடப் போவதாகத் தொழிலாளர் நலன் பார்க்கும் தோட்டத்து வெல்பெயார் ஐயா சொல்லிவிட்டாராம். கீழ் டிவிஷன் காம்பராவுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறினால் அம்மா வேலைக்குப் பிந்திவிடுவார். அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். ஆகவே தம்பியை ரஞ்சனி பார்க்க வேண்டும்.

"பைப்பு வந்தோன்ன நானும் வந்துருவேன் டீச்சர்" என்றாள்.

இப்படிச் சொல்லிவிட்டுப் போன பிள்ளைகளை நான் பிறகு கொழுந்துப் பையோடுதான் பார்த்திருக்கிறேன்.

2. யோகட் கப்

அந்தத் தவணையில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு செய்முறைச் செயற்பாடும் ஒரு சமூக சேவையும் செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். இதை எப்படிச் செய்வது என்று எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். சிரமதானம் என்று சொல்லி டொபி பேப்பர் பொறுக்க வைத்து, பிள்ளைகளை விளக்குமாற்றோடு வரிசையாக நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் விஷயம் முடிந்தது. நானும் அப்படி எடுத்து அனுப்பியவள்தான்.

அன்று ரஞ்சனி சொன்னதை வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து பிரசாத்தின் குரல் வந்தது. வகுப்பில் எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன்.

"தண்ணி இல்லன்னு யாரு சொன்னா? இந்தா, மூஞ்சிக்கு முன்னால பறந்துகிட்டு இருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அப்ப புடிச்சுக் குடு பார்ப்போம்" என்றேன்.

விளையாட்டு வினையானது. தேயிலை நாற்றுமேடைக்குப் போட்டுக் கிழிந்துபோன நிழல்வலை தோட்டத்தில் குப்பையாகக் கிடந்தது. அதில் சின்னச் சின்னத் துண்டுகள் வெட்டிக் குச்சிகளில் கட்டினோம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு யோகட் கப் வைத்தோம். பாடசாலை வாசல், கோயிலடி, பிள்ளைக்காம்பராக் கூரை, அதற்கு மேலே மலை முதுகு என்று பல இடங்களில் வைத்துவிட்டு, காலையில் எந்தக் கப்பில் அதிகம் இருக்கிறது என்று ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துளி நிற்கும். துளி கனத்து, பக்கத்துத் துளியோடு சேர்ந்து, மெதுவாகக் கீழே இறங்கும். சத்தம் போட்டே பழகிய பிள்ளைகள் அதைப் பார்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நீராவி தண்ணீராக மாறும் ஒடுங்கல் பாடத்தை நான் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். அந்த வருடம்தான் எனக்கே அது ஒழுங்காக விளங்கியது என்று நினைக்கிறேன்.

தினமும் மலை முதுகில் வைத்த கப்தான் நிரம்பியது. இரண்டு மலைகளுக்கு நடுவில் காற்று நுழையும் வெட்டைவெளி அது. பிள்ளைக்காம்பராவுக்கு நேர் மேலே இருந்தது.

வெல்பெயார் ஐயாவிடம் போய்ப் பேசினேன். கெட்ட மனிதர் இல்லை.

"டீச்சர், தண்ணி இல்லாத எடத்துல கைப்பிள்ளைகள வச்சிருக்க ஏலாது. ஒங்க வலையில வந்தா திறந்து வச்சிக்கிறேன். ஒரு நாள் வராட்டியும் மூடிருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

3. இளகிய மண்

மூங்கில் நட எங்கே தோண்டினாலும் கல்லாக இருந்தது. வெளியின் நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "இங்கேயே நடுங்க" என்றேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நட்டார்கள். டீச்சருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஏதும் இருந்தால் பிள்ளைகள் சொல்வார்கள் என்று நான் நினைத்தேன்.

பெரிய வலையைக் கட்டி, அடியில் பிளந்த பிவிசி குழாயைச் சரிவாக வைத்து, ஒரு ஹோஸ் வழியாகப் பிள்ளைக்காம்பராவின் தண்ணீர்ப் பெரலுக்கு இறக்கினோம். மறுநாள் காலையில் மலையே தெரியவில்லை. குழாயில் விழும் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. கீழே போனபோது பெரலில் கால்வாசி ஏறியிருந்தது. ஆயாம்மா அதைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, முதலில் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"ருசியே இல்லையே டீச்சர்" என்றார். "மேகத்தக் குடிச்சா இப்பிடித்தான் இருக்கும்போல."

ரஞ்சனி திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தாள். ஏட்டில் அவள் பெயருக்கு நேரே அடையாளம் போடும்போது என் கை கொஞ்சம் அழுத்திவிட்டது.

4. ஓட்டோ வரவில்லை

எல்கடுவைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அங்கிருந்து யோகராஜின் ஓட்டோதான். கீழ் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் ஆள், நாற்பது வயதிருக்கும். அந்த வாரம் ஒரு நாள் பின்னேரம் அவர் ஓட்டோவைக் கீழே விட்டுவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். நானும் பிள்ளைகளும் வலையில் ஒட்டிய சருகுகளை எடுத்துக்கொண்டிருந்தோம்.

"யாரக் கேட்டு டீச்சர் இங்க கம்பு நட்டீங்க?"

"ஏன் தம்பி, தோட்டத்துக்குச் சொல்லித்தான..."

"தோட்டம் என்னா தோட்டம்? இது காமன் பொட்டல்! நீங்க தோண்டியிருக்கது காமன் குழி! எங்க பாட்டன் காலத்துல இருந்து மாசியில மன்மதனுக்குக் கம்பம் நடுற குழி. அதுல கொண்டுபோயி வலை கட்டி வச்சிருக்கீங்களே!"

அப்போதுதான் மண் ஏன் இளகிக் கிடந்தது என்று புரிந்தது. வருடா வருடம் தோண்டிய மண். மாசி வந்தால் ஓட்டோக்காரர் யோகராஜ் மன்மதன் கதை ஆடும் காமன் கூத்துக்கு வாத்தியார் ஆகிவிடுவார் என்பதும் அன்றுதான் தெரியும். தினமும் அவர் பின்னால் உட்கார்ந்து வந்தவள் நான், ஒரு நாளும் கேட்டதில்லை. பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கழட்டிருவோம் தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல?

ரஞ்சனி மட்டும் வாய் திறந்தாள். "கழட்டினா பிள்ளைக்காம்பராவுக்குத் தண்ணி இல்ல மாமா."

"ஏன், அங்க பைப்பு எங்க போச்சு?"

"மண் சரிஞ்சப்பவே போயிருச்சு."

கீழ் லயத்துக்கு மலை ஊற்றிலிருந்து வரும் அவர்களுடைய பீலி இருக்கிறது. நாள் முழுக்க அதில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். ஒரே மலையில் மேலே குழந்தைகள் தண்ணீர் இல்லாமல் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் வலையையும் குழியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் சந்தியில் ஓட்டோ இல்லை. ஏற்றத்தில் நடந்தேன். பனிக்குள் முன்னால் ஒரு கொத்துத் தேயிலை, பின்னால் ஒரு கொத்துத் தேயிலை, நடுவில் நான். வலை இருக்காது, ரஞ்சனியும் இருக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அழுதேன்.

பொட்டலில் ஏறிப் பார்த்தால் வலை இருந்தது. குழிக்குப் பக்கவாட்டில், காற்றுக்கு நேராக. மூங்கில்களை ஆழமாக இறக்கிச் சுற்றிலும் கல் வைத்து இறுக்கியிருந்தார்கள். யோகராஜும் இன்னும் இரண்டு பேரும் மண்வெட்டியோடு நின்றார்கள்.

"நீங்க நட்டது ஒரு காத்துக்குத் தாங்காது டீச்சர். கம்பு நடுறத எங்ககிட்ட விட்டுருங்க. மாசி பொறந்து கம்பம் நட்டோன்ன இந்தப் பக்கம் யாரும் செருப்போட வரக்கூடாது, சொல்லிட்டேன்."

"சரிங்க வாத்தியார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

5. வெயில்

மாசியில் கம்பம் நட்டார்கள். மன்மதன் ஒரு பக்கம், தரம் எட்டின் வலை ஒரு பக்கம். பிள்ளைகள் வெறுங்காலோடு போய்ச் சருகு எடுப்பார்கள். இரவெல்லாம் கூத்தின் தப்பு மேளச் சத்தம் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு வகுப்பில் தூங்கி விழுவார்கள். நான் எழுப்புவதில்லை.

பிறகு பனி நின்றுவிட்டது. வானம் கழுவி விட்டதுபோல் நீலமாக இருந்தது. தூரத்து மலைகள் எல்லாம் தெரிந்தன. அவ்வளவு அழகான காலைகளை நான் அப்படி வெறுத்தது இல்லை. வலை காய்ந்து சலசலத்தது. பெரலின் அடி தெரிந்தது. வெல்பெயார் ஐயா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிள்ளைக்காம்பராக் கதவில் பூட்டு விழுந்தது. ரஞ்சனியின் கதிரை காலியானது.

பிரசாத் பகிடி விடவில்லை. "நம்ம பரிசோதனை பெயிலா டீச்சர்?" என்று மட்டும் கேட்டான்.

அன்று பின்னேரம் பஸ்ஸுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். கீழ் லயத்துப் பக்கமிருந்து தப்புச் சத்தம் ஏறி வந்தது. காமன் கூத்துக்காரர்கள் வீடு வீடாக ஆடிப் போவது வழக்கம். ஆட்களும் அரிசியோ காசோ ஏதாவது கொடுப்பார்கள். ரதியும் மதனும் வேஷத்தோடு முன்னால் வந்தார்கள். பின்னால் வந்த பொம்பிளைகளின் தலைகளில் குடங்கள். சிலர் கையில் வாளி, ஒரு கிழவர் கையில் தேநீர்க் கேத்தல். யோகராஜ் தப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இந்த வருசம் அரிசி, சல்லி ஒண்ணும் வேணாம்னுட்டேன் டீச்சர். வீட்டுக்கு ஒரு கொடம் தண்ணி. நம்ம காமனுக்குப் பக்கத்துல நிக்கிற வலை காஞ்சு கெடந்தா நமக்குத்தான கேவலம்?"

நானும் அவர்களோடு பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பி ஏறினேன். ரதி வேஷம் போட்ட பையன் மீசை மேல் பூசிய பவுடர் வியர்வையில் வழிய வழிய, பெரலில் முதல் குடத்தை ஊற்றினான். வெல்பெயார் ஐயா வந்து பெரலுக்குள் எட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். சாவியை எடுத்து ஆயாம்மாவிடம் கொடுத்தார். மறுநாள் ரஞ்சனி தன் கதிரைக்கு வந்தாள்.

காமன் முடிந்த பிறகும் கீழ் லயத்திலிருந்து முறை வைத்துக் குடங்கள் வந்தன. பனி வந்த நாட்களில் வலை கொடுத்தது, வராத நாட்களில் சனம் கொடுத்தது. பைப்பு வந்தபோது சித்திரை பிறந்திருந்தது.

6. விடைத்தாள்

இளம் ஆசிரியர்கள் என்னிடம் செய்முறைச் செயற்பாடு பற்றிக் கேட்கிறார்கள். போட்டோவுக்கு ஏற்றதைத் தேடாதீர்கள் என்பேன். ஊரில் யாராவது சண்டைக்கு வருகிற மாதிரி ஒன்றைச் செய்யுங்கள். மழையில் பைப்பு போனதிலிருந்து ஆயாம்மா வாளி தூக்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை. குழியில் ஒரு மூங்கில் நட்டோம், ஊரே கவனித்தது. வலை பிடித்த தண்ணீர் கொஞ்சம்தான். அது பிடித்துக் கொடுத்த மனிதர்கள் அதிகம். ஊருக்கு நாம் சேவை செய்யப் போவதாக நினைத்துக்கொண்டு போகிறோம். ஊருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தால் போதும்.

தவணைப் பரீட்சையில் ஒரு கேள்வி வைத்தேன்: மூடுபனியிலிருந்து நீர் சேகரிக்கத் தேவையான நான்கு பொருட்களை எழுதுக. வலை, கம்பு, குழாய், பெரல் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். ரஞ்சனி கேட்டதற்கு மேல் ஐந்தாவதாக ஒன்றையும் எழுதியிருந்தாள்.

"கீழ் லயத்து ஆட்கள்."

விடைத்திட்டத்தில் அது இல்லை. சரி போட்டேன். கொழுந்துப் பையோடு போகாமல் அவள் பரீட்சை எழுதியிருந்தாள்; சரி போடுவதற்கு அவளுடைய விடைத்தாள் என் மேசையில் இருந்தது, எனக்கு அது போதும்.