அம்மா அறைக்கு நான் போட்ட குழாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். அம்மா இருந்தவரை மனம் வரவில்லை. போன பிறகு, செத்தவரைச் சாட்சிக்கு இழுப்பதா என்று கூசியது. நான் எட்டாவதோடு நின்றவன். விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் மூட்டை எடை போடுகிறேன். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போகிறவன். இந்த முறை அங்காளம்மனிடம் உத்தரவு கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் அண்ணன் பிளம்பர். நடுவில் ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பிப் பிரித்த வீட்டில் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். அப்பா இறந்தபோது அண்ணன் வெளியூரில் வேலையாக இருந்தார். அப்பாவுக்கு மூத்த பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும். பொழுது சாயும்வரை பார்த்தோம். இனியும் வைத்திருக்கக் கூடாது என்று பங்காளிகள் சொல்லி, கொள்ளியை என் கையில் கொடுத்தார்கள். அண்ணன் வந்து சேர்ந்தபோது சிதை எரிந்துகொண்டிருந்தது. அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார்.

பிறகு அம்மா படுக்கையில் விழுந்தார். என் பக்கத்துப் பின்னறையில் கிடந்தார், முதுகெல்லாம் புண். அந்த அறைக்கு அண்ணன் எப்போதோ போட்ட இரும்புக் குழாய் துருவேறி அடைத்துக்கொண்டது. சொட்டியதும் செங்காவித் தண்ணீர். அதில் புண்ணைக் கழுவ முடியுமா? குடம் குடமாகத் தூக்கி என் மனைவிக்கு இடுப்பு விட்டுப்போனது.

வெட்கத்தை விட்டுச் சுவரோரம் நின்று கூப்பிட்டேன். "அண்ணா, அம்மா ரூமுக்குத் தண்ணி வரல. ஒரு எட்டு வந்து பாரேன்."

"கொள்ளி வச்சவன் இருக்கான் இல்ல? தண்ணியும் அவனே காட்டட்டும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தண்ணி காட்டிக்கொண்டிருந்த தன் மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

வேறு ஆட்களும் வரவில்லை. ஒருவர் போட்ட லைனில் அவர் சொல்லாமல் இன்னொருவர் கை வைப்பதில்லை என்று அவர்களுக்குள் ஒரு கட்டு. "உங்க அண்ணன் லைனுங்க. அவரு ஒரு வார்த்தை சொல்லாம தொட்டா எங்களுக்குத்தான் பேஜாரு" என்றார் ஒருவர். சரி, பிளாஸ்டிக் பைப் வாங்கி நாமே போடுவோம் என்று துணிந்தேன். உள்ளூர்க் கடைகளில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் அண்ணன் காதுக்குப் போய்விடும். திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் கல்லாவில் ஒரு அம்மா இருந்தார்.

"நீங்களே போடப்போறீங்களா? வூட்ல சண்டையா, பிளம்பரோட சண்டையா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்.

ஆக்சா பிளேடை எடுத்தேன். "அத்த வெச்சிட்டு கட்டர எடுங்க. பழக்கமில்லாத கையில பிளேடு கோணிக்கும். கோணலா அறுத்த பைப்பு ஜாயின்ட்ல முழுசா உள்ள ஒக்காராது" என்றார். விளிம்புப் பிசிறைத் தேய்க்க உப்புத்தாள், ஒட்டுகிற பசை, மரையில் சுற்ற வெள்ளை டேப், வாயகலமாகத் திறக்கும் ரென்ச் இரண்டு என்று அவரே எடுத்து வைத்தார்.

"ரெண்டு எதுக்குங்க?"

"ஒண்ணு புடிச்சிக்க, ஒண்ணு திருக. ஒரே ரென்ச்சால திருகினா செவுத்துக்குள்ள கீற பைப்பும் கூடவே திரும்பிக்கினு போவும். ஒடஞ்சா செவுத்தத்தான் இடிக்கணும். புடிச்சிக்க ஆளு கீதா?"

கூடப் பிறந்தவர் ஒருத்தர் இருந்தார். சொல்லவில்லை. "வூட்டுக்காரி இருக்கா" என்றேன்.

"ஒட்டிட்டு உடனே தண்ணி வுட்டுடாதீங்க. ஒரு ராத்திரி காயணும்" என்று நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

மறுநாள் காலையில் தொடங்கினோம். மனைவி சுவரில் காலை முட்டுக் கொடுத்து ஒரு ரென்ச்சைப் பிடித்துக்கொள்ள, நான் பழைய குழாயைக் கழற்றினேன். புதுப் பைப்பை அளந்து, வெட்டி, தேய்த்து, ஒட்டி முடித்தபோது நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. மறுநாள் அஷ்டமி, அதற்கடுத்து நவமி. முதல் தண்ணீரை அந்த நாட்களில் விடுவதா? கற்பூரம் ஏற்றி, அம்மனைக் கும்பிட்டு, அன்றைக்கே வால்வைத் திறந்தேன். வளைவில் ஒட்டிய எல்போ, பசை காயாததால் பிய்த்துக்கொண்டு வந்தது. கற்பூரத் தட்டு, கூடம் எல்லாம் தண்ணீர்.

சுவருக்கு மேல் அண்ணன் தலை தெரிந்தது. கையில் டீ டம்ளர். ஒட்டுவதையும் பார்த்திருக்கிறார், வால்வில் நான் கை வைப்பதையும் பார்த்திருக்கிறார். காயவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? "இர்றா" என்று ஒரு வார்த்தை போதும். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "இன்னா, அபிஷேகம் ஆச்சா?" என்றார். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பிய்ந்த இடத்தை வெட்டி எறிந்து, புது எல்போ வைத்து ஒட்டினேன். தசமியன்று திறந்தேன். ஒட்டு பிடித்து நின்றது. பின்னறையில் தெளிந்த தண்ணீர் வாளியில் விழுந்தது.

சத்தம் கேட்டு அம்மா கண்ணைத் திறந்தார். "பெரியவன் வந்துட்டானா?"

மனைவி என்னைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு இல்லையென்று எப்படிச் சொல்ல? "வந்தாரும்மா" என்றேன்.

"எனக்குத் தெரியும். எத்தினி நாளு கோவமா இருப்பான்? நல்லா இருக்கட்டும் என் புள்ள."

அதன்பிறகு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெரியவன் போட்ட குழாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதுகுப் புண் ஆறியது. அப்புறம் ஒரு நாள் போய்விட்டார்.

கருமாதியன்று கை கழுவ வந்த சித்தப்பா அந்தக் குழாயைத் தட்டிப் பார்த்தார். "பெரியவன் கை வேலைன்னா சும்மாவா? ஒரு சொட்டு கசியுதா பாரு. பெத்தவளுக்குச் செய்யணும்னா இப்டிச் செய்யணும்."

அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மாவின் வாயால் வந்த பேச்சை அம்மாவின் கருமாதியில் நான் எப்படி மறுப்பேன்? பந்தியில் இலை போடப் போய்விட்டேன்.

படிக்கிறவர்கள் நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள். இருந்ததை இருந்தபடியே சொல்லுங்கள். அண்ணனை இதைவிடக் கெட்டவராக்க வேண்டாம். பிறகு நாங்கள் சேர்ந்துவிட்டோம் என்று யாரும் ஆறுதலுக்காகச் சேர்த்துச் சொல்லவும் வேண்டாம், சேரவில்லை. குழாயைப் போட்டது நான். ரென்ச்சைப் பிடித்துக்கொண்டது என் மனைவி. அம்மா வாழ்த்தியது அண்ணனை. இதில் ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.